சொந்தக் காரணம்

டீ கொடுக்கிற கல்லூரியை நான் நம்ப மாட்டேன். பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு சேருகிற இடத்தில் எவராவது டீ கொடுப்பார்களா? பெரம்பலூரில் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் நானும் அப்பாவும் போய் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. தட்டில் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வந்து நின்றன. அப்பா பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கினார். நான் தொடவே இல்லை.

"சாப்புடு கண்ணு, கூச்சப்படாத" என்றார் அட்மிஷன் மேடம். பார்த்த உடனே கண்ணு.

நான் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில், விடுதியில் தங்கி, இயற்பியல் முதல் வருஷம் முடித்திருந்தேன். வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். பரீட்சை முடிந்த கையோடு துறைத்தலைவர் எங்கள் ஒன்பது பேரையும் கூப்பிட்டு, வருகிற வருஷம் இயற்பியல் இருக்காது, ஆள் சேரவில்லை, நீங்கள் வேறு கல்லூரி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஏதோ கேன்டீனில் வடை தீர்ந்துவிட்டது என்பதைப்போலச் சொன்னார். அழுவதா, சண்டை போடுவதா என்றே தெரியாமல் நின்றோம்.

டி.சி. வாங்க ஒரு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஆபீஸ் கிளார்க் ஒரு மாதிரிக் கடிதத்தை மேசையில் வைத்தார். "இதப் பாத்து அப்படியே எழுதுங்கம்மா. பேரு, நம்பர மட்டும் மாத்திக்குங்க." அதில் நடுவில் ஒரு வரி: 'சொந்தக் காரணங்களுக்காகக் கல்லூரியிலிருந்து விலகிக்கொள்ள விரும்புகிறேன்.' ஒன்பது பேரும் மடமடவென்று எழுதிக் கொடுத்தோம். ஆறாம் வகுப்பிலிருந்து லீவ் லெட்டர் எழுதிய கை. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுதுவோம், மற்ற எல்லாவற்றுக்கும் சொந்தக் காரணம்தான். கோயில் திருவிழாவும் சொந்தக் காரணம், அத்தை மகள் கல்யாணமும் சொந்தக் காரணம், சும்மா தூங்கியதும் சொந்தக் காரணம். பஸ்ஸில் போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டு ஏறுகிறவள் நான். அப்படிப்பட்டவள் அந்த ஒரு வரியை மட்டும் சந்தேகப்படவில்லை. என் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது?

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருக்கிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் அரியலூர் பஸ், அந்தப் பக்கம் நின்றால் பெரம்பலூர் பஸ். இரண்டு ஊரிலும் இயற்பியல் இருக்கிற கல்லூரி ஒவ்வொன்று இருந்தது. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேர வேண்டுமானால், அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு கல்லூரியின் மாறுதல் பட்டியலில் என் பெயர் ஏற வேண்டும். பட்டியல் அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். தவறினால் எழுதிப் பாஸ் பண்ணிய அத்தனை பேப்பரும் குப்பை, அடுத்த வருஷம் திரும்பவும் முதல் வருஷத்தில் சேர வேண்டும். அதற்கும் நடுவில் ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணுக்கு எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வருஷம் போகக் கூடாது. அவ்வளவுதான் என் வேண்டுதல்.

பெரம்பலூர் கல்லூரியைச் சொன்னது என் மாமா, அம்மாவின் தம்பி. அந்தக் கல்லூரியில் பஸ் ஓட்டுகிறார். "நம்ம பஸ்லயே ஏறி நம்ம பஸ்லயே எறங்கிக்கலாம் பாப்பா. வூட்டு வாசல்ல நிறுத்துறேன்" என்று ஒரு வாரமாக விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். என் மேல் இத்தனை நாள் இல்லாத அக்கறை திடீரென்று எங்கிருந்து வந்தது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மேடம் என் டி.சி.யை வாங்கினார், திருப்பிக்கூடப் பார்க்காமல் கிளிப் போட்டு வைத்தார். ஏன் பாதியில் வருகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ளிகேஷன்ல கையெழுத்து போட்டுருங்க சார், இன்னைக்கே பேர ஏத்திரலாம்" என்று அப்பாவிடம் பேனாவை நீட்டினார். நான் மேசைக்குக் கீழே அப்பாவின் காலை மிதித்தேன்.

"டிபார்ட்மென்ட ஒரு தடவ பாத்துட்டு வரோம் மேடம்" என்றேன்.

இயற்பியல் துறை மாடியில் கடைசி அறை. அங்கே இருந்த சார் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், அதுவேறு எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"செகண்ட் இயர்ல எத்தன பேர் சார்?" என்றேன்.

"இருபத்தெட்டு பேரும்மா" என்றார்.

அவர் தலைக்குப் பின்னால் பீரோ மேல் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்கிற நோட்டு. போன வருஷத்து முதல் வருஷம் என்று மேலே சீட்டு ஒட்டியிருந்தது. ஆளுக்கு ஒன்றுதான் இருக்கும். நான் எண்ணினேன். ஏழு. கண் பிசகியிருக்கும் என்று கீழிருந்து மேலே மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

"மிச்ச ரெக்கார்டெல்லாம் எங்க சார்?"

அவர் திரும்பி பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது வந்து... எக்ஸ்டர்னல் வாங்கிட்டுப் போயிருக்காரு" என்றார்.

அடேங்கப்பா! தேர்வெடுக்க வந்த வெளி ஆசிரியர் இருபத்தோரு ரெக்கார்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன கதையை நான் எங்கேயும் கேட்டதில்லை. திருச்சியில் ஒன்பது பேருக்கே கடையைச் சாத்தினார்கள். இங்கே ஏழு. அடுத்த வருஷம் இதே மாடியில் நின்றுகொண்டு இன்னொரு மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுத என்னால் ஆகாது. அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்துவிட்டேன். "நல்லா மரியாதையா பேசறாங்களே பாப்பா" என்றார் அப்பா. "அதான்ப்பா சந்தேகமா இருக்கு" என்றேன்.

மாமா கேட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டு நின்றார். "என்ன, சேந்தாச்சா?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டார்.

"ஆள் புடிச்சுக் குடுத்தா உங்களுக்கு என்ன மாமா தருவாங்க?" என்று கேட்டுவிட்டேன். அப்பா "ஏய்" என்றார்.

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒண்ணும் தர மாட்டாங்க. நம்ம ரூட்ல புள்ளைங்க கொறஞ்சு போச்சு. இன்னும் நாலு பேர் ஏறலன்னா இந்தப் பஸ்ஸ நிறுத்திருவாங்களாம். நிறுத்துனா நானும் வூட்ல நிக்க வேண்டியதுதான். போதுமா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனாலும் என் சந்தேகம் பாதி சரி என்பதில் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வழியெல்லாம் மாமா பாட்டே போடாமல் பஸ் ஓட்டினார்.

வியாழக்கிழமை அரியலூருக்குப் போனோம். கல்லூரி வாசலிலேயே வாட்ச்மேன் நிறுத்தினார். "எதுக்கு? யாரப் பாக்கணும்? அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" பதினோரு மணிவரை வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். உள்ளே விட்ட பிறகும் உட்காரச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஃபேன் சுற்றவில்லை, தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. நம்மைக் கண்டுகொள்ளாத இடம் என்றால் நாம் இல்லாமலே நடக்கிற இடம் என்றுதானே அர்த்தம்! இயற்பியல் வகுப்பை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதை மூட மாட்டார்கள் என்று நினைத்தேன். செத்தாலும் இங்கேதான்.

துறைத்தலைவர் ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு என் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. டி.சி.யில் வந்து நின்றார். விலகக் காரணம் என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"சொந்தக் காரணம்னு போட்டுருக்கு. என்ன சொந்தக் காரணம்?"

"அது சும்மா எழுதச் சொன்னாங்க மேடம். டிபார்ட்மென்ட மூடிட்டாங்க. அதான் வந்தோம்."

"மூடுனா மூடுனதுன்னு போடுவாங்கள்ல? நீ கைப்பட எழுதிக் குடுத்த லெட்டர் காப்பியே பின்னால இருக்கே." அப்பாவிடம் திரும்பினார். "ஹாஸ்டல்ல இருந்துச்சா புள்ள?"

"ஆமாங்க" என்றார் அப்பா.

அவர் 'ம்' என்றார். அந்த 'ம்'மில் எல்லாம் இருந்தது. ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண், நடுவில் டி.சி. வாங்குகிறாள், காரணம் சொந்தக் காரணம். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எவன் கூடவோ ஏதோ ஆகி, விஷயம் வெளியே வருவதற்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்குக் காதெல்லாம் சுட்டது. நானும் எத்தனை பெண்களைப் பற்றி இப்படி 'ம்' போட்டிருக்கிறேன்!

"நீங்களே போன் பண்ணிக் கேளுங்க மேடம்" என்றேன். கேட்டார், ஸ்பீக்கரில் போட்டே கேட்டார். அந்தப் பக்கம் அதே கிளார்க்கின் குரல்.

"மூடுனதெல்லாம் இல்லீங்க மேடம், டிபார்ட்மென்ட் இருக்கு. ஸ்ட்ரெந்த் கொஞ்சம் கம்மி, அவ்ளோதான். இவங்களா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

"பொய் மேடம்! பச்சப் பொய்!" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த மாதிரிக் கடிதத்தை எதற்கு மேசையில் வைத்தார்கள் என்று. பிள்ளைகளை அவர்கள் அனுப்பவில்லை, பிள்ளைகளே போய்விட்டார்கள் என்று காட்டத்தான். ஒன்பது பேரும் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் சொந்தக் காரணம்! எங்கள் கையை வைத்தே எங்கள் கண்ணைக் குத்திவிட்டார்கள்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. "இங்க பாரும்மா, நீ சொல்றது நெசமாக்கூட இருக்கலாம். நாளைக்கு ஒண்ணுன்னா என்னத்தான் கேப்பாங்க" என்றார். அப்பா ஓர் உறுதிமொழிக் கடிதம் தந்தால் பட்டியலில் பெயரை ஏற்றுவதாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், அப்பாவின் கையெழுத்துக் கோழி கிளறியதுபோல இருக்கும். 'என் மகள் சொந்தக் காரணத்தினால் முந்தைய கல்லூரியிலிருந்து விலகியுள்ளார். அவருடைய ஒழுக்கம் குறித்து எந்தப் புகாரும் இல்லை என்று நான் அறிந்து உறுதி கூறுகிறேன். மாறாக ஏதேனும் தெரியவந்தால் கல்லூரி எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.' என் ஒழுக்கத்தைப் பற்றி நானே, அழகான கையெழுத்தில்.

பேனாவை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் தாளை எடுத்து மெதுவாகப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். அப்புறம் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கொண்டாந்து தரேங்க" என்றார்.

"நாளைக்கு நாலு மணிக்குப் பட்டியல் போயிரும்" என்றார் அந்த அம்மா.

"அதுக்குள்ள வந்துடறேங்க."

வெளியே வந்து பஸ் ஏறினோம். அப்பா கையெழுத்துப் போடவில்லை! என்னைப் பற்றி அப்படி ஒரு தாளில் அவருக்குப் பேனா ஓடவில்லை. என் பெண்ணைப் பற்றி நான் எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிற எனக்கு அன்றைக்கு அவர்மேல் அப்படி ஒரு பெருமை. வாய் திறந்து சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. வழியில் சோளப்பொரி விற்றவரிடம் ஒரு பொட்டலம் வாங்கி அவர் மடியில் வைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தின்றார்.

சாயங்காலம் மாமா வந்தார். கோபம் போகாவிட்டாலும் வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னதும், "எங்க காலேஜ்ல இப்படியெல்லாம் ஒரு கேள்வி கேட்டாங்களா? பேசாம அங்கயே போட்டுருங்க மாமா" என்றார் அப்பாவிடம்.

"அங்க ஏழு பேருதான் மாமா இருக்காங்க. மூடிட்டா மறுபடியும் நான் நடுத்தெருவுலதான்" என்றேன்.

"காலையில மொத வண்டிக்குப் பெரம்பலூர் போறேன், வெங்காயத்துக்கு அடிக்க மருந்து வாங்கணும். அங்கேருந்து நேரா அரியலூர் வந்துடறேன். நீ பன்னெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லு" என்றார் அப்பா. கையெழுத்துப் போடப்போகிறார், எனக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டு போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு முன்பே அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். ஒரு பஸ் வந்தது, அப்பா இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. ஒரு மணி ஆயிற்று. போன் போட்டால் எடுக்கவில்லை. ஒன்றே காலுக்கு "பாப்பா" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. திரும்பினேன். அப்பா திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் மருந்து டப்பா எதுவும் இல்லை.

"திருச்சியா போனீங்க?"

"மொதல்ல வேலைய முடிப்போம், நேரமாச்சு" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

என் மனசு துள்ளியது. திருச்சிக்குப் போயிருக்கிறார்! அந்தக் கல்லூரிக்கே போய், கிளார்க்கின் மேசையைத் தட்டி, எதற்கடா என் பெண்ணை அப்படி எழுத வைத்தாய் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அதிர்ந்துகூடப் பேசாத என் அப்பா! நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன்.

துறைத்தலைவர் அம்மாவின் மேசையில் சட்டைப் பையிலிருந்த தாளை விரித்து வைத்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். ஒரு தயக்கம் இல்லை. நேற்று இரண்டு முறை படித்தவர் இன்று ஒரு முறைகூடப் படிக்காமல் கீழே பெயரை எழுதினார். அந்த அம்மா பட்டியலை எடுத்து என் பெயரைக் கடைசியில் சேர்த்தார், சீல் வைத்தார். என் வருஷம் தப்பித்தது. கோயில் வாசலில் நிற்பதைப்போலக் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றபோது கேட்டேன். "காலேஜ்ல என்ன சொன்னாங்கப்பா? அந்தக் கிளார்க்க நல்லா கேட்டீங்களா?"

"காலேஜுக்குப் போவல."

"அப்புறம் எங்க போனீங்க?"

கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "ஹாஸ்டலுக்குப் போனேன். வார்டன் அம்மாவப் பாத்தேன். ஒன்கூட ரூம்ல இருந்த புள்ளைங்க ரெண்டு பேர்கிட்டயும் போன்ல பேசுனேன்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்த பிறகும் கேட்டேன்.

"என்னன்னு?"

"கையெழுத்து நான்ல போடறேன் பாப்பா" என்றார். "அறிந்துன்னு எழுதியிருக்கு. தெரியாம எப்படிப் போடறது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"நீ இல்லன்னுதான் சொல்லுவ."

நான் அழவில்லை. அழுதால் அதற்கும் ஏதாவது ஒரு அர்த்தம் இருக்கும். "வார்டன் அம்மா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"தங்கமான புள்ளன்னாங்க." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். நிஜமான சந்தோஷம்.

"வேற மாதிரி சொல்லியிருந்தா?"

அவர் ரோட்டைப் பார்த்தார்.

"வேற மாதிரி சொல்லியிருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

"பஸ்ஸு வந்துருச்சு, ஏறு" என்றார்.

ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்து இடத்தில் அப்பாவுக்காகப் பையை வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். யாரோ ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர் வரும்வரை அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.